மடிக்கணினியைப் பிரித்துப் பாகம் மாற்றும் முறை

பேரேடும் நாள்வழியும் இருந்த மேசையில் இன்று மடிக்கணினி இருக்கிறது. 2017 ஜூலை முதல் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்த பின்னர், அதுவரை கையால் சிட்டை எழுதி வந்த சிறு மளிகைக் கடைக்காரர்களும் கணினிக்கு மாற வேண்டியதாயிற்று. விருதுநகர் மண்டிகளில் வத்தல், மல்லி, உளுந்து, எண்ணெய் என எந்தச் சரக்கு வந்தாலும் போனாலும் அதன் கணக்கு அந்தப் பெட்டிக்குள்தான் போய்ச் சேர்கிறது. சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று பூசை போட்டுப் பட்டாசு விற்பனை தொடங்கினால் தீபாவளி முடியும்வரை அதற்கு ஓய்வு கிடையாது. பழுது வருவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

பழுது என்றால் பெரிய பழுது என்று எண்ண வேண்டாம். பில் போட ஐந்து நிமிடம் ஆகிறது, கரண்ட் போனால் உடனே அணைந்துவிடுகிறது, தொட்டால் சுடுகிறது, விசிறி இரைகிறது: கடைகளில் நாம் கேட்கும் குறைகள் இவைதாம். இவற்றில் பெரும்பாலானவை ஒரு பாகத்தை மாற்றினால் அல்லது சுத்தம் செய்தால் தீரக்கூடியவை. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்த கணினி, படிப்பு முடிந்த பிறகு கல்லாப்பக்கம் வந்து உட்கார்ந்திருப்பதையும் பல கடைகளில் காண்கிறோம். அப்படிப்பட்ட பழைய கணினிக்கு இந்தப் பாடம் மிகவும் பொருந்தும். உத்தரவாத காலம் முடியாத புதுக் கணினியை மட்டும் நாமாகத் திறக்கக் கூடாது. உத்தரவாதத்தை இழக்க நேரிடலாம்.

முதலில் கணக்கு, பிறகுதான் ஸ்க்ரூ

கணினி போனால் வேறு வாங்கலாம். கணக்கு போனால் எங்கே வாங்குவது? ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாத்து வைக்க வேண்டியது வணிகரின் பொறுப்பு. வழக்கோ மேல்முறையீடோ நடந்துகொண்டிருந்தால் இன்னும் அதிக காலம். கணினி கெட்டுவிட்டது என்பது பதிலாகாது. ஆகவே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன்னர், கணக்கு முழுவதையும் ஒரு பென் டிரைவிலும் இன்னொரு வெளி ஹார்டு டிஸ்கிலும் நகல் எடுத்தாக வேண்டும். நகல் எடுத்ததோடு நில்லாமல், வேறொரு கணினியில் அதைத் திறந்து, நேற்றைய கடைசி பில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். திறக்காத நகல் நகலே அல்ல என்பது நம் கருத்து.

டாலி பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதன் உரிமம் குறிப்பிட்ட கணினியோடு பிணைக்கப்பட்டது. ஹார்டு டிஸ்கை மாற்றும் முன் டாலிக்குள் சென்று உரிமத்தைத் திரும்ப ஒப்படைத்துவிட்டு, புது டிஸ்கில் மறுபடி செயல்படுத்திக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் டிஸ்கைக் கழற்றியவர்கள் உரிமம் மீளும்வரை பில் போட முடியாமல் காத்திருக்க நேரும். அண்மைக் காலக் கணினியாக இருந்தால் பிட்லாக்கர் என்னும் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கலாம். அதன் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே மேற்கொண்டு செல்லவும்.

உடம்பில் ஏறும் மின்சாரம்

நம் பகுதி மக்களுக்கு இதை விளக்குவது எளிது. பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் நுழையும் தொழிலாளி, வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டே உள்ளே போக வேண்டும். நைலான் துணி கூடாது, பருத்தியே உடுத்த வேண்டும் என்பதும் அங்குள்ள ஒழுங்கு. உராய்வினால் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பொறியாகப் பாய்ந்துவிடக் கூடாது என்பதே இரண்டுக்கும் காரணம். சிவகாசிக்குப் பட்டாசையும் தீப்பெட்டியையும் கொண்டுவந்த அதே வறண்ட காற்றில்தான் இந்த மின்சாரமும் நன்றாகச் சேரும்.

கணினியின் சில்லுக்கும் இதுவே எதிரி. சுமார் 3000 வோல்ட் அளவுக்கு ஏறினால்தான் நம் விரலுக்குச் சுருக்கென்று தெரியும். மெமரி அட்டையில் உள்ள சில்லு கெட்டுப்போக 100 வோல்ட்டே போதுமானதாக இருக்கலாம். அதாவது நமக்குத் தெரியாமலேயே பாகம் கெட்டுவிடும். வேலை தொடங்கும் முன் எர்த் உள்ள ஏதேனும் இரும்புப் பெட்டியைத் தொடுவதும், இடையிடையே கணினியின் உள்ளே உள்ள உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொள்வதும் நல்லது. இதற்கென்றே மணிக்கட்டில் கட்டும் பட்டி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்வது மேல்.

மளிகைக் கடையில் இன்னொரு சங்கடம். எங்கு பார்த்தாலும் பாலித்தீன் பையும் பிளாஸ்டிக் சாக்குமாகத்தான் இருக்கும். கழற்றிய பாகத்தை அவற்றின்மேல் வைக்கக் கூடாது. மரமேசையில் பருத்தித் துண்டு விரித்து வேலை செய்யவும். புதுப் பாகம் வந்த வெள்ளி நிறப் பையைக் கிழித்து எறியாமல், பழைய பாகத்தை அதிலேயே போட்டு வைக்கவும்.

பட்டாசுக் கடையிலும் கிட்டங்கியிலும் மடிக்கணினியைத் திறக்கும் வேலையே கூடாது. வீட்டுக்கோ வேறு அறைக்கோ கொண்டுபோய்ச் செய்யவும்.

திறக்கும் முறை

சார்ஜரைப் பிடுங்கவும். விண்டோசில் வெறுமனே அணைத்தால் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். ஷிப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால் முழுமையாக அணையும். பழைய மாடல்களில் பேட்டரி அடிப்பக்கத்தில் தாழ்ப்பாள் தள்ளினால் கையோடு வந்துவிடும். புதியவற்றில் மூடிக்குள் இருக்கும். மூடியைத் திறந்ததும் வேறெதையும் தொடாமல் முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். அதன்பின் ஆன் செய்யும் பொத்தானைப் பதினைந்து வினாடி அழுத்திப் பிடித்தால் மிச்சம் மீதி மின்சாரமும் வடிந்துவிடும்.

ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளமாக இருப்பதில்லை. குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நெட்டையைப் போட்டு முறுக்கினால் அது மறுபக்கம் உள்ள போர்டைக் குத்திவிடும். இதற்கு நம் கடையிலேயே அருமையான சாதனம் இருக்கிறது: முட்டை அட்டை. ஒவ்வொரு குழியிலும் ஒரு இடத்து ஸ்க்ரூவைப் போட்டு, குழியின் விளிம்பில் பேனாவால் குறித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

எல்லா ஸ்க்ரூவும் எடுத்த பிறகும் மூடி வரவில்லை என்றால் பலத்தைக் காட்ட வேண்டாம். ரப்பர் காலுக்கு அடியிலோ ஸ்டிக்கருக்கு அடியிலோ இன்னொன்று ஒளிந்திருக்கும். சிடி போடும் பெட்டி உள்ள மாடலில் அதன் ஸ்க்ரூவையும் பார்க்கவும். விளிம்பைக் கிளப்பக் கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் வேண்டாம். காலாவதியான ஏடிஎம் அட்டை ஒன்று போதும். மூடியை முழுதும் தூக்கும் முன் சற்றே திறந்து உள்ளே ரிப்பன் வயர் ஏதும் பிடித்திருக்கிறதா என்று பார்க்கவும். ரிப்பன் வயரை இழுத்துப் பிடுங்கக் கூடாது. அதன் இணைப்பில் நகத்தளவு தாழ்ப்பாள் இருக்கும். அதைத் தூக்கினால் வயர் தானாக வரும்.

எதை மாற்றலாம்?

பழைய கணினிக்கு மறுவாழ்வு தருவது ஹார்டு டிஸ்க் மாற்றம்தான். சுழலும் தட்டு உள்ள பழைய டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால், ஐந்து நிமிடம் எடுத்த பில் உடனுக்குடன் வரும். பழைய மாடல்களுக்கு இரண்டரை அங்குல சாட்டா வகை பொருந்தும். அதன் தடிமன் 7 மில்லிமீட்டர். புதியவற்றில் மெல்லிய பட்டை போன்ற எம்.2 வகை இருக்கும். அதில் பரவலானது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் உள்ளது. எம்.2-விலேயே சாட்டா, என்விஎம்இ என இரண்டு உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று எல்லாக் கணினியிலும் ஓடாது. கடையில் கேட்கும்போது கணினியின் மாடல் எண்ணைச் சொல்லியே கேட்கவும். பழைய டிஸ்கில் உள்ளதை அப்படியே புதியதற்கு நகலெடுக்கும் மென்பொருள் உண்டு. ஆனால் நகலெடுக்கும்போது எந்தப் பக்கம் பழையது, எந்தப் பக்கம் புதியது என்பதை இருமுறை பார்க்க வேண்டும். திசை மாறினால் வெற்று டிஸ்க் கணக்கின்மேல் எழுதப்பட்டுவிடும்.

மெமரி சேர்ப்பது அதைவிட எளிது. டிடிஆர்3, டிடிஆர்4 என்பவற்றில் வெட்டு விழுந்த இடம் வேறு வேறு. ஒன்றில் மற்றொன்று நுழையாது, நுழைக்கவும் முயலக் கூடாது. சாய்வாகச் செருகி, கீழே அழுத்தினால் இருபக்கக் கொக்கிகளும் டிக்கென்று பிடிக்கும். சத்தம் கேட்கவில்லை என்றால் சரியாக உட்காரவில்லை. 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேல் சேர்ப்பது வீண் செலவு.

வத்தல் மண்டி, மாவு மில், மசாலாப் பொடி கடை ஆகிய இடங்களில் உள்ள கணினியை வருடம் ஒருமுறையாவது திறந்து விசிறியைச் சுத்தம் செய்தாக வேண்டும். மிளகாய்த் தூசு விசிறிக்கும் சூடு போக்கும் செதில்களுக்கும் நடுவில் கம்பளிபோல் படிந்து கிடக்கும். முகத்தை மூடிக்கொண்டு திறக்கவும். தும்மலில் ஸ்க்ரூ பறந்த கதைகள் உண்டு. காற்று அடிக்கும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளவும், சுழல விட வேண்டாம். சூடு கடத்தும் செம்புத் தகட்டைக் கழற்றினால் அதனடியில் உள்ள பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதுப்பசை ஒரு துவரம்பருப்பு அளவு வைத்தால் போதும். தகட்டின் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என எண் இருந்தால் அந்த வரிசையிலேயே முறுக்கவும்.

திரையையும் மதர் போர்டையும் நாமே மாற்றுவதை நாம் பரிந்துரைப்பதில்லை. திரைக்கு 30 முனை, 40 முனை என வகை உண்டு. மாறிப் போட்டால் இரண்டும் கெடும். மதர் போர்டு விலைக்கு நல்ல நிலையில் உள்ள வேறு கணினியே வாங்கிவிடலாம். இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் கணினிகள் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. எத்தனை பாகம் மாற்றினாலும் அது மாறாது. அத்தகைய கணினியை இணையத்தில் இணைக்காமல் பில் போட மட்டும் வைத்துக்கொள்வது உசிதம்.

பேட்டரி

லித்தியம் பேட்டரியைப் பட்டாசு மருந்துக்குக் கொடுக்கும் மரியாதையோடு கையாள வேண்டும். 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் சோனி தயாரித்த செல்கள் கொண்ட சுமார் 41 லட்சம் பேட்டரிகளைத் தீ அபாயம் கருதித் திரும்பப் பெற்றது. பெரிய நிறுவனத்துப் பொருளுக்கே அந்த நிலை என்றால், அட்டைப்பெட்டியில் பெயர்கூட இல்லாமல் வரும் மலிவுப் பேட்டரியை என்ன சொல்வது? வாங்கும்போது பழையதன் பாக எண்ணும் வோல்ட் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவும். ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

மௌஸ் வைக்கும் தகடு மேலெழும்பினாலோ, மூடி சரியாகப் படியாவிட்டாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அன்றே பயன்பாட்டை நிறுத்தவும். அமுக்கவோ, குத்திக் காற்றை வெளியேற்றவோ கூடாது. பசை போட்டு ஒட்டியிருந்தால் நெம்பாமல் சர்வீஸ் ஆளிடம் கொடுத்துவிடவும். புகை வந்தால், எட்டும் நிலையில் இருந்தால் மட்டும் பிளக்கைப் பிடுங்கவும். எல்லோரையும் வெளியேற்றி, தூரத்தில் இருந்து தண்ணீரை நிறைய ஊற்றவும். வாளி மணல் தீயை மூடுமே தவிர உள்ளே உள்ள சூட்டைத் தணிக்காது. ஆறியதாகத் தோன்றும் பேட்டரி மறுபடி பற்றும். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது.

கழற்றிய பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடும் வழக்கம் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. புதியது வாங்கும் கடையிலோ நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திலோ கேட்டுக் கொடுக்கவும். அதுவரை முனைகளில் டேப் ஒட்டி, மண் சட்டியில் தனியே வைக்கவும். எண்ணெய் டின், தீப்பெட்டி பண்டல் பக்கம் வேண்டாம்.

கழற்றிய ஹார்டு டிஸ்கை மட்டும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வாடிக்கையாளர் பாக்கி, கொள்முதல் விலை, வங்கி விவரம் அனைத்தும் அதில் அப்படியே இருக்கின்றன. கழற்றிய தேதியையும் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரையான கணக்கு என்பதையும் தாளில் எழுதி அதன்மேல் ஒட்டி, பழைய பேரேடுகள் இருக்கும் பீரோவிலேயே வைத்துவிடலாம்.