கை விறைப்பும் அக்குபிரஷர் சிகிச்சையும்

"டொக்டர், இரவிலை கை விறைச்சு நித்திரை குழம்புது. உதறினால்தான் சரிவரும். ஒரு வருசமாய் ஒராளிட்டைப் போய் அமத்துவிக்கிறன். அமத்தேக்கை சுகம், பிறகு பழையபடிதான்."

துப்புரவு வேலை செய்யும் ஒரு அம்மா என்னிடம் சொன்னவை இவை. அவரது பெருவிரலின் அடியிலுள்ள மேடான தசை வற்றிப்போயிருந்தது. சட்டைப் பொத்தானைப் போடவே சிரமப்பட்டார். சத்திரசிகிச்சையின் பின் விறைப்பு நீங்கியது. ஆனால் வற்றிய தசை முழுமையாகத் திரும்பவில்லை.

அப்படியானால் அக்குபிரஷர் பயனற்றதா? இல்லை. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

அழுத்தும்போது நடப்பது என்ன?

முழங்கால் மேசையில் இடித்தால் உடனே கையால் தேய்க்கிறோம், நோ குறைகிறது. தொடுகை, அழுத்தம் ஆகியவற்றைக் கொண்டுசெல்லும் நரம்புகள் தூண்டப்படும்போது, நோவின் செய்தி முள்ளந்தண்டு நாணிலேயே ஓரளவு தடுக்கப்படுகிறது. இந்த "வாயிற்கதவு" விளக்கத்தை மெல்சாக், வோல் என்ற இரு அறிஞர்கள் 1965ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பின்னர் அதில் திருத்தங்கள் வந்தாலும் அடிப்படைக் கருத்து நிலைத்திருக்கிறது. மேலும், மெதுவான அழுத்தம் இறுகிய தசையைச் சிறிது நேரம் தளர்த்தும். அதனால் அசைவு இலகுவாகும்.

செய்யாதது என்ன?

மணிக்கட்டில் எலும்புகளாலும் தடித்த இணையத்தாலும் ஆன ஒடுங்கிய பாதை உண்டு. அதனூடாக ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் செல்கின்றன. அங்கே வீக்கம் ஏற்பட்டால் நரம்பு நெரிபடும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியன விறைக்கும். சின்னவிரல் பெரும்பாலும் தப்பிவிடும். இதுவே கார்ப்பல் டனல் நோய். நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, கர்ப்பகாலம், ஒரே அசைவைப் பலமாகத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை ஆகியன இதற்கு வழிவகுக்கலாம்.

வெளியிலிருந்து அழுத்துவதால் இந்த நெரிசல் அகலாது. மணிக்கட்டிலிருந்து மூன்று விரல் அகலம் மேலேயுள்ள அழுத்தப்புள்ளி குமட்டலுக்குப் பயன்படுவது ஆய்வுகளில் தெரிந்ததே. ஆனால் அதன் அடியில்தான் இதே நரம்பு ஓடுகிறது. ஏற்கெனவே நெரிபட்ட நரம்பைப் பலமாக அமத்துவது நல்லதல்ல.

நீங்கள் செய்யக்கூடியவை

1. முழங்கைக்குக் கீழுள்ள சதைப்பற்றான பகுதியைப் பெருவிரலால் மென்மையாக அரை நிமிடம் அழுத்தி விடுங்கள். சில தடவை செய்யலாம். விரலில் மின்சாரம் பாய்வதுபோல் இருந்தால் நிறுத்துங்கள்.
2. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டியை இரவில் அணியுங்கள். ஆறு வாரமாவது தொடருங்கள்.
3. வேலையின் இடையே கைக்கு ஓய்வு கொடுங்கள்.

அழுத்தக் கூடாதவர்கள்

இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் எலும்புத் தேய்வு உள்ளவர்களும் பலமான அழுத்தத்தைத் தவிர்க்க வேண்டும். ஒரு காலின் கெண்டைப் பகுதி வீங்கி நொந்தால் அமத்தவே கூடாது. அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். நீரிழிவால் உணர்வு குறைந்த பாதங்களில் காயம் ஏற்பட்டாலும் தெரியாது, கவனம்.

தாமதிக்காதீர்கள்

விறைப்பு விடாமல் நீடித்தால், பொருட்கள் கைநழுவி விழுந்தால், பெருவிரல் தசை மெலிந்தால் உங்கள் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். திடீரென ஒரு பக்கக் கை பலவீனமாகி, முகம் கோணி, பேச்சுக் குழறினால் அது பாரிசவாதம். உடனே அம்புலன்ஸை அழையுங்கள்.

அகதியாக வந்த ஆரம்ப வருடங்களில் உணவகத்தில் கோப்பை கழுவியவன் நான். வேலை போய்விடும் என்று நோவை மறைப்பது எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. அமத்துவிப்பவரிடம் போவதில் தவறில்லை. ஆனால் முதலில் வைத்தியரிடம் கையைக் காட்டுங்கள். நெரிபட்ட நரம்பு காத்திருக்காது.