பூனையும் மோட்டார்ப் பயணமும்

நாய் தன் தலைவனைச் சார்ந்து வாழும். பூனை தன் இல்லத்தைச் சார்ந்து வாழும் என்பது முதியோர் கூறக் கேட்பதொன்று. இதன்கண் உண்மை பெரிதும் உண்டு. தலைவன் அருகிருப்பின் நாய்க்குப் பெரும்பாலும் எவ்விடமும் தன்னிடமேயாம். பூனைக்கோ, தான் நாடோறும் கன்னத்தை உரசி மணமேற்றி வைத்த தூணும் திண்ணையும் வாயிற்படியுமே உலகமாகும். அவ்வுலகத்தினின்றும் அதனைப் பெயர்த்து, உறுமுகின்ற இரும்பு வண்டியொன்றில் ஏற்றி, மணிக்கணக்காக ஓட்டிச் செல்லுங்கால் அதன் உள்ளம் படும் பாட்டை நம்மில் எண்ணிப் பார்ப்போர் சிலரே. உத்தியோக மாற்றத்தாலும் மக்கள் கல்வியின்பொருட்டும் ஊர்விட்டு ஊர் பெயரும் குடும்பங்கள் இக்காலத்து மிகப்பல. ஆதலின், வளர்ப்புப் பூனையை மோட்டார் வண்டியில் இடரின்றிக் கொண்டுசெல்லும் முறையை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

பூனை தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் வெருகு, பூசை என்னும் பெயர்களை வழங்குவதோடு, வெருகின் இளமைக்குக் குட்டி என்னும் பெயரையும் உரிமையாக்குகின்றது. பாற்கடல் முழுவதையும் நக்கிப் பருக விழைந்த பூசையைக் கம்பர் தம் அவையடக்கத்தில் உவமையாக எடுத்தாண்டார். ஆயின் அப்புலவர்கள் கண்ட பூனை தன் காலால் நடந்தது, வேண்டியவிடத்து நின்றது, அஞ்சியவிடத்து ஓடி ஒளிந்தது. மோட்டார் வண்டியுள் இருக்கும் பூனைக்கு இம்மூன்றும் இல்லை. அவற்றை அதனிடமிருந்து வாங்கிக்கொண்டவர் நாம். ஆகவே அதன் காப்பும் நம் கடனேயாகும்.

இதனை யாம் எழுதுதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகட்கு முன், மே மாதத்தில், எம் குடும்பத்தார் பாளையங்கோட்டையினின்றும் மதுரைக்குக் குடிபெயர்ந்தோம். எம் இல்லத்தில் ஐந்தாண்டு வளர்ந்த சாம்பல் நிறப் பூனையொன்று இருந்தது. கூண்டில் அடைத்தல் கொடுமையென எண்ணி, எம் தங்கை அதனைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள். கோவிற்பட்டி வருமளவும் அது கத்திக்கொண்டே வந்தது. பின்னர்க் குரலடங்கி, வாயில் நீரொழுக, நடுங்கிக் கிடந்தது. 'பழகிவிட்டது' என்று யாம் மகிழ்ந்தோம். சாத்தூரை அடுத்து ஓரிடத்தில் வெள்ளரிப் பிஞ்சு வாங்குவதற்காக வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தோம். அவ்வேளை பக்கத்தே சென்ற லாரியொன்று ஊதலை அலறவிட்டது. தங்கையின் முழங்கையைக் கீறிக்கொண்டு பூனை பாய்ந்தது. சாலையோரத்துச் சீமைக்கருவேலம் புதருள் மறைந்தது. பொழுது சாயுமளவும் தேடினோம், மறுநாளும் சென்று தேடினோம், கிடைத்திலது. அதன் கழுத்தில் பட்டையில்லை. எம் பெயரோ எண்ணோ அதன்மீது யாதுமில்லை. வெள்ளரி விற்ற மூதாட்டியார் எம் அன்னையை நோக்கி, "ஒரு கூடையிலே போட்டு மூடிக் கொண்டாந்திருக்கப்படாதா, தாயி?" என்றார். எமக்கு விடை கூற வாயில்லை. அதன் பின்னரே இப்பொருள் பற்றிப் படிக்கவும் அறிந்தோரை வினவவும் தொடங்கினோம்.

பூனையின் அச்சம்

பூனை வண்டியில் அஞ்சுதற்குக் காரணம் பல. முதலாவது ஒலி. மனிதர் செவி ஒரு விநாடிக்கு 20,000 அதிர்வுகட்கு மேற்பட்ட ஒலியை உணராது. பூனையின் செவி 60,000 அதிர்வுகட்கு மேலும் உணரும். நமக்கு மெல்லிய இரைச்சலாகத் தோன்றும் பொறியினுள், நாம் கேளாத கீச்சொலிகளையும் அது கேட்கின்றது. இரண்டாவது அசைவு. உடலின் நிலையை அறிவிக்கும் கருவி செவியினுள்ளே இருக்கின்றது. அக்கருவி உடல் அசைகின்றது என்று உரைக்க, கண்ணோ வண்டியின் உட்புறம் அசையாது நிற்பதைக் காண்கின்றது. இவ்விரண்டும் முரணுதலின் குமட்டல் உண்டாகின்றது. மூன்றாவது மணம். தன் மணம் சிறிதும் இல்லாத இடத்தில் பூனைக்கு அமைதியில்லை.

இவ்வச்சத்தின் குறிகளை அறிந்துகொள்ளுதல் வேண்டும். இடையறாது கத்துதல், வாயில் நீரொழுகுதல், உதட்டை நக்குதல், வாந்தி, கண்மணி விரிதல், காதைத் தாழ்த்தி உடலைக் குறுக்கிக் கிடத்தல் என்பன அவை. ஈண்டு ஒன்று சிறப்பாக நினைவிற் கொள்ளத்தக்கது. கத்திய பூனை வாயடங்கிவிட்டதாயின், அஃது அமைதியடைந்தது என்று உடனே முடிவு செய்தல் கூடாது. அச்சம் மிக்க பூனை அசைவற்றுக் கிடக்கும். வழி கிடைத்த கணத்தில் பாயும். எம் பிழை இதனை அறியாமையே.

கூண்டின் இலக்கணம்

பூனை மடியில் இருத்தல் ஏன் தகாது? எனின், காரணம் மூன்று. ஓட்டுவோர் காலடியிற் புகுந்து தடையை மிதிக்கவொட்டாது செய்யும் என்பது ஒன்று. திறந்த கதவின் வழியே ஓடிவிடும் என்பது மற்றொன்று. வண்டி திடுமென நின்றவழித் தூக்கி எறியப்படும் என்பது மூன்றாவது. இம்மூன்றாவதன் கடுமையைக் கணக்கிட்டுக் காணலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்னும் வேகம், ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்தினின்றும் விழும் பொருள் தரையைத் தொடுங்கால் அடையும் வேகமாகும். எனவே, அவ்வேகத்தில் ஓடும் வண்டி மோதி நின்றால், மடியிலிருக்கும் பூனை நான்கு மாடி உயரத்தினின்றும் விழுந்தாற்போலும் அடியைப் பெறும். எத்துணை அன்புடைய கையும் அதனை அப்போது பற்றி நிறுத்தமாட்டாது.

கூண்டு, பூனை நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடந்தருவதாய் இருத்தல் வேண்டும். அதற்கு மேல் மிகப் பெரிதாயின் வளைவுகளில் பூனை உள்ளேயே உருண்டு துன்புறும். உறுதியான பிளாஸ்டிக்காலாய பெட்டி நன்று, கழுவுதற்கும் எளிது. முன்புறக் கதவோடு மேற்புறமும் திறப்பதாயின் இன்னும் நன்று. அஞ்சிய பூனையை முன்வழியாக இழுத்தெடுக்க வேண்டுவதில்லை. நாற்புறமும் காற்றுத்துளை வேண்டும். அடியில் நீரை உறிஞ்சும் விரிப்பும், அதன்மேல் பூனை வழக்கமாய்ப் படுக்கும் பழந்துணியும் இடுக. அத்துணியைப் பயணத்துக்கென்று துவைத்துவிடலாகாது. அதிலுள்ள மணமே அதற்கு வீடு.

கூண்டை வைக்கும் இடமும் ஆராயத்தக்கது. முன்னிருக்கையின் பின்னே, தரையில், அசையாதவாறு பொருத்தி வைத்தல் சிறிய பெட்டிகட்குத் தக்கது. சீட் பெல்ட்டால் பிணிக்கும்படி செய்யப்பட்ட பெட்டியாயின், செய்தோர் காட்டிய முறைப்படியே பின்னிருக்கையிற் பிணித்திடுக. முன்னிருக்கை ஆகாது, மோதலின்போது காற்றுப்பை கணப்பொழுதில் பெருவிசையுடன் விரிந்து பெட்டியைத் தாக்கும். டிக்கி எனப்படும் மூடிய பின்பெட்டியும் ஆகாது. அங்கே காற்றோட்டமும் குளிர்ச்சியும் இல்லை.

முற்பயிற்சி

புறப்படும் நாளன்று கூண்டைப் பரணினின்றும் இறக்கிப் பூனையை அதனுள் திணிப்பது பலர் வழக்கம். மருத்துவரிடம் செல்லும்போது மட்டும் கூண்டைக் காணும் பூனை, அதனைக் கண்டவுடன் கட்டிலின் கீழ் ஒளிவதில் வியப்பில்லை. பயணத்திற்கு மூன்று நான்கு வாரங்கட்கு முன்னரே கூண்டை வீட்டின் ஒருபுறத்தே கதவு திறந்தபடி வைத்திடுக. முதலில் அதன் அருகிலும், பின்னர் வாயிலிலும், அதன்பின் உள்ளேயும் உணவு வைத்திடுக. பூனை தானே உட்புகுந்து உறங்கத் தொடங்கியபின், கதவைச் சில நிமிடம் மூடித் திறக்கலாம். பின்னர்க் கூண்டைத் தூக்கி நடத்தல். நிற்கும் வண்டியில் வைத்திருத்தல். பொறியை இயக்கி நிற்றல். தெருவை ஒருமுறை சுற்றி வருதல் என முறையே உயர்த்துக. ஒவ்வொரு படியின் முடிவிலும் அதற்கு விருப்பமான தின்பண்டம் சிறிது கொடுத்தல் வேண்டும். அஞ்சியதாயின் முந்திய படிக்கு மீளுக. வற்புறுத்தியதால் விரைவில் பழகிய பூனையை யாம் கண்டதில்லை.

புறப்படுமுன்

கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, வெறிநோய்த் தடுப்பூசி முதலியன இட்ட சான்றினை உடன்கொள்ளுதல் நன்று. வாந்தியும் பேரச்சமும் உடைய பூனைக்குத் தக்க மருந்துகள் உள. அவற்றுள் ஒன்றாகிய பிரிகாபலின் என்னும் மருந்தை, பயணத்தில் பூனைக்கு உண்டாகும் அச்சத்திற்கென்றே அமெரிக்க நாட்டு மருந்து ஆணையம் 2023-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. ஆயினும் மருந்தும் அளவும் மருத்துவர் கூறவேண்டியனவேயன்றி நாமே தேர்ந்து கொடுப்பன அல்ல. மனிதர்க்குரிய மாத்திரைகளைப் பூனைக்குக் கொடுத்தல் பெருங்கேடு. நம் வீடுதோறும் இருக்கும் பாரசிட்டமால் பூனைக்கு உயிர்போக்கும் நஞ்சாகும்.

பயணத்திற்கு நான்கு முதல் ஆறு மணிநேரத்திற்கு முன் உணவை நிறுத்துக, நீரை நிறுத்தற்க. இளங்குட்டியாயினும் நோயுற்றதாயினும் இதனையும் மருத்துவரிடம் கேட்டே செய்க. கழுத்துப்பட்டையில் நம் கைப்பேசி எண்ணைப் பொறித்தல் வேண்டும். பட்டை, மாட்டிக்கொண்டால் தானே அவிழுமாறு அமைந்ததாக இருத்தல் வேண்டும். பட்டை கழன்றுவிடக் கூடுமாதலின், மைக்ரோசிப் என்னும் நுண்சில்லைத் தோலின்கீழ் இடுவித்தல் மேலும் காப்பாகும். அரிசியளவினதாகிய அச்சில்லில் பெரும்பாலும் 15 இலக்க எண் உண்டு. கருவியால் அதனைப் படித்து உரியவரைக் காணலாம். அவ்வெண்ணோடு நம் முகவரியைப் பதிவு செய்தாலன்றி அதனாற் பயனில்லை.

பிராணிகளைத் தேவையற்ற துன்பம் உறுமாறு வண்டியிற் கொண்டுசெல்லுதல் நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும் என்பதும் அறியத்தக்கது. நாய் பூனைகளை ஏற்றிச்செல்லும் முறைபற்றி 1978-ஆம் ஆண்டு விதிகளில் தனிப்பகுதியே உள்ளது.

வழியில்

வண்டி ஓடுங்கால் கூண்டைத் திறத்தலும், பூனையை வெளியே எடுத்துத் தேற்றுதலும் கூடா. கூண்டின் ஒருபுறத்தை மெல்லிய துணியால் மறைத்தல் பல பூனைகட்கு ஆறுதல் தரும். காற்று தடைப்படாமை காண்க. பாட்டொலியைக் குறைத்து, வளைவுகளில் மெல்லச் செலுத்துக. இரண்டு மூன்று மணிநேரத்திற்கு ஒருமுறை நிறுத்தி நீர் காட்டலாம். நெடும்பயணமாயின் சிறு மணல் தட்டும் உடன்கொள்ளுக. அவற்றின்பொருட்டுக் கூண்டைத் திறக்க நேரின், முதலில் எல்லாக் கதவுகளும் கண்ணாடிகளும் மூடியிருப்பதை ஒருவர் வாய்விட்டு எண்ணிச் சொல்ல, மற்றொருவர் அதன் பின்னரே கூண்டின் தாழை நீக்குக. இவ்வொரு விதியை யாம் அன்று அறிந்திருந்தோமாயின் இக்கட்டுரைக்கே இடம் இராது.

வெப்பம் மற்றொரு பகை. நிறுத்திய வண்டியுள் வெயிலில் எவ்வளவு சூடேறும் என்பதை 2005-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அளந்தனர். ஒரு மணிநேரத்தில் உள்வெப்பம் சராசரியாக 22 பாகை செல்சியஸ் உயர்ந்தது. அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே நேர்ந்தது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தலாற் பெரும்பயன் விளையவில்லை. அவர்கள் அளந்த நாட்களிற் சில மிதமான வெயிலுடையனவே. கோவிற்பட்டிக்கும் விருதுநகருக்கும் இடைப்பட்ட கரிசற்காட்டின் மே மாத நண்பகலை எண்ணுவோர்க்கு வேறு விளக்கம் வேண்டா. ஆதலின் 'ஐந்தே நிமிடம்' என்று கூறிப் பூனையைத் தனியே விட்டு உணவுக்கடைக்குச் செல்லற்க. நாயைப்போல் பூனை வாய்திறந்து இளைப்பது இயல்பன்று. அவ்வாறு இளைப்பின் உடனே நிழலிலும் குளிர்ந்த காற்றிலும் வைத்து, உடலைக் குளிர்நீரால் நனைத்து, பனிக்கட்டியை விலக்கி, மருத்துவரை நாடுக. கூடுமாயின் விடியற்காலையிற் புறப்படுதலே இவ்விடரைத் தவிர்க்கும் வழி.

சேர்ந்தபின்

புதிய இல்லம் சேர்ந்தவுடன் பூனையை வீடு முழுதும் விட்டுவிடல் ஆகாது. சாளரம் அடைத்த ஓர் அறையில் கூண்டைத் திறந்து வைத்து, உணவு, நீர், மணல் தட்டு ஆகியவற்றை அங்கேயே அமைத்திடுக. அது தானே வெளிவரட்டும். அவ்வறையைத் தனதாக்கிக்கொண்டபின் பிற அறைகளைக் காட்டுக. வெளியே விடும் வழக்கமுடையோர் இரண்டு மூன்று வாரமேனும் பொறுத்தல் வேண்டும். புதிய இல்லத்தின் மணம் மனத்திற் பதியுமுன் வெளியேறும் பூனை, பழைய இல்லத்தைத் தேடிப் போய்விடும்.

முடிவுரை

சென்ற ஆண்டு எம் இரண்டாம் பூனையுடன் அதே சாலையிற் பயணஞ் செய்தோம். ஒரு திங்கள் முன்னரே கூண்டு எம் கூடத்தில் இருந்தது. பூனை அதனுட் புகுந்து நண்பகலெல்லாம் உறங்கப் பழகியிருந்தது. விடியுமுன் மதுரையை விட்டோம். சாத்தூரில் வண்டி நின்றபோது கதவுகள் நான்கும் மூடியிருந்தன. தங்கை எண்ணிச் சொன்னாள். கூண்டைத் திறந்தோமல்லேம். பூனை இருமுறை கத்தியது; பின் தன் பழந்துணியில் முகம் புதைத்துப் படுத்தது. அப்பொழுதும் தங்கை கூண்டின்மேல் ஒரு கையை வைத்தபடியே, சாலையோரத்துப் புதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாம் அவளை ஒன்றும் கேட்டோமல்லேம்.

மடியில் வைத்தலே அன்பென்று ஒருகாலத்து எண்ணினோம். பூனையின் அச்சத்தை முன்னரே அறிந்து, அதற்கு வேண்டுவனவற்றைப் பொறுமையோடு ஆயத்தஞ் செய்தலும் அன்பேயென்று பின்னர்க் கற்றோம். இதனைப் படிக்கும் நண்பருள், பூனையுடன் ஊர்பெயர்வார் எவரேனும் உளராயின், இன்றே கூண்டொன்று வாங்கித் தம் கூடத்தில் திறந்து வைப்பாராக.