சமையலறையில் மறைந்திருக்கும் கிருமிகள்

வீட்டில் கிருமிகள் நிறைந்த இடம் கழிவறைதான் என்று பலரும் எண்ணுகிறோம். ஆனால் எப்போதும் ஈரமாயிருக்கும் பாத்திரம் கழுவும் பஞ்சில் அதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும்.

கோழி இறைச்சியைக் குழாய் நீரில் கழுவியே சமைப்பது எம்மவர் வழக்கம். அப்போது தெறிக்கும் நீர் சல்மொனெல்லா, கம்பைலோபக்டர் போன்ற கிருமிகளைப் பக்கத்திலுள்ள மரக்கறிகளுக்கும் பரப்பிவிடும். கழுவுவதால் கிருமி அழியாது. உட்பகுதி 74 பாகை செல்சியஸ் வரை வெந்தாலே அழியும்.

சோறும் அப்படித்தான். வேகும்போது தப்பும் பசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள், வெளியே வைத்த சோற்றில் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

நாம் செய்யக்கூடியவை:

1. இறைச்சிக்கும் மரக்கறிக்கும் வெவ்வேறு வெட்டும் பலகைகளைப் பயன்படுத்துங்கள்.
2. பச்சை இறைச்சியைத் தொட்டபின் சவர்க்காரமிட்டு 20 விநாடிகள் கை கழுவுங்கள்.
3. மீதிச் சோறு, கறிகளை 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அதன் வெப்பநிலை 4 பாகையைத் தாண்டக்கூடாது.
4. பஞ்சைப் பிழிந்து உலரவிடுங்கள், அடிக்கடி மாற்றுங்கள்.

நமக்கு ஒரு நாள் வயிற்றோட்டமாக முடிவது, குழந்தைகளையும் முதியோரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலை வரை கொண்டுபோகலாம். இன்றே தொடங்குவோம்.