நிலக்கரி சுமக்கும் பற்சக்கரங்கள்

எண்ணூர்க் கரையில் 2001ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய துறைமுகம், இன்று காமராசர் துறைமுகம் என வழங்கப்படுகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்திற்கு நிலக்கரி கொண்டுவருவதே அதன் தொடக்ககால நோக்கம். கப்பலிலிருந்து இறங்கும் கரியைக் கன்வேயர் எனப்படும் ஓடும் பட்டைகள் சுமந்து செல்கின்றன. பட்டை நின்றால், இருப்பிலுள்ள கரி தீரும்வரைதான் கொதிகலன் எரியும்.

பட்டையை இழுப்பது மின்மோட்டார். எடுத்துக்காட்டாக, மோட்டார் நிமிடத்திற்கு 1,475 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் விட்டமுள்ள உருளை 59 முறை சுழன்றாலே பட்டை நொடிக்கு மூன்று மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே வேகத்தை 25 மடங்கு குறைத்து, முறுக்குவிசையைப் பெருக்கித் தரும் பற்சக்கரப் பெட்டி இடையில் தேவைப்படுகிறது.

ஒரே இணையால் இதைச் செய்ய முயன்றால், 20 பல் கொண்ட சிறு சக்கரத்திற்கு 500 பல் கொண்ட பெருஞ்சக்கரம் வேண்டும். அதன் விட்டம் மூன்று மீட்டரை எட்டலாம். ஐந்து மடங்காக இருமுறை குறைத்தாலோ 100 பற்களே போதும். இரண்டாம் இணை மிகுந்த விசையைத் தாங்குவதால் அதன் பல் தடித்திருக்க வேண்டும். ஆயினும் பெட்டி பெரிதும் சுருங்கிவிடும்.

இச்சுருக்கத்திற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வோர் இணையிலும் உராய்வு, தாங்கி, எண்ணெய்க் கலக்கம் ஆகியவற்றால் இரண்டு விழுக்காடு ஆற்றல் வீணாவதாகக் கொண்டால், 200 கிலோவாட் மோட்டாரில் ஏறத்தாழ எட்டுக் கிலோவாட் வெப்பமாகும். எட்டு மின் இஸ்திரிப் பெட்டிகள் ஓயாமல் காய்வதற்கு அது நிகர். பெட்டியின் நீள அகல உயரங்கள் பாதியானால், வெப்பத்தை வெளிவிடும் புறப்பரப்போ கால் பங்காகிவிடும். கடற்கரை வெயிலும் பெட்டிமேல் படியும் கரித்தூளும் வெப்பத்தை மேலும் தேக்குகின்றன. சூடேறிய எண்ணெய் நீர்த்துப்போக, பற்களுக்கிடையே உள்ள எண்ணெய்ப் படலம் மெலிந்து பல் தேய்கிறது. திறன் மிகுந்தாலன்றிப் பெட்டியைச் சிறிதாக்க இயலாது என்பதை இங்கே காணலாம்; மின்கட்டணச் சிக்கனம் அதற்கு அடுத்ததே.

எனவே பற்களைச் சாய்வாக வெட்டுகின்றனர். ஒரு பல் விலகுமுன் அடுத்தது பொருந்துவதால் சுமை பகிரப்படுகிறது. எஃகின் மேற்பரப்பில் கார்பனை ஊட்டிக் கடினமாக்கி, பின்னர் நுண்ணிதாகச் சாணை பிடிக்கின்றனர். கரி சுமக்கும் பல்லுக்கு வலிமை தருவதும் கரிமமே! எண்ணெயும் அளவோடு இருத்தல் வேண்டும். குறைந்தால் பல் தேயும். மிகுந்தால் சக்கரம் அதனைக் கடைந்தே சூடேற்றும். ஆதலால் பராமரிப்புப் பணியாளர் பெட்டியின் பக்கத்திலுள்ள கண்ணாடியில் எண்ணெய் மட்டத்தைத் தவறாமல் பார்க்கிறார்.