அடைக்கோழி பேணுமாறு

வீட்டுப் புழைக்கடையில் ஐந்தாறு கோழிகளை வளர்ப்போர் அனைவரும் என்றேனும் காணும் காட்சி ஒன்றுண்டு. நேற்றுவரை முட்டையிட்டுக் கொக்கரித்துத் திரிந்த பெட்டையொன்று, இன்று கூடையைவிட்டு எழாது சிறகைப் பரப்பிக் கிடக்கும். கையை நீட்டினால் இறகு சிலிர்த்துக் கேறும், கொத்தவும் வரும். முட்டைகளை எடுத்துவிடினும் வெறுங் கூடையைவிட்டு அகலாது. கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது என்பர். இதனைப் பிணியென்பாரும் பிடிவாதமென்பாரும் உளர். இரண்டும் அன்று. இக்கோழியைப் பேணும் முறையை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, புரோலாக்டின் என்னும் சுரப்பினை மிகுதியாகத் தோற்றுவிக்குங்கால், முட்டையிடுதல் நின்று அடைகாக்கும் வேட்கை எழுகின்றது. வயிற்றின் கீழ்ப்புறத்து இறகுகள் உதிர, குருதியோட்டம் மிக்க வெறுந்தோல் முட்டைகளிற் படிந்து வெப்பமூட்டும். அசில் முதலிய நம் நாட்டுக் கோழிகட்கு இவ்வியல்பு மிகுதி. வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களிலோ, அடைக்கு உட்காராதவற்றையே தலைமுறைதோறும் தெரிந்து வளர்த்தமையால், இஃது அருகிவிட்டது.

ஆதலின் கோழியைக் கடிந்து பயனில்லை. குஞ்சு வேண்டுமா, முட்டை வேண்டுமா என்று வளர்ப்போனே முதலிரண்டு நாட்களில் முடிவு செய்தல் வேண்டும். முடிவு செய்யாது விடுதலே பெருங்கேடு. இதற்கு யானே சான்று.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் எம் வீட்டில் பெட்டைகள் ஆறும் சேவல் ஒன்றும் இருந்தன. முட்டை விற்ற பணமே என் புத்தகச் செலவிற்கு உதவுவது. கூடைகளோ இரண்டே. கருநிறப் பெட்டையொன்று அவற்றுள் ஒன்றில் அடைக்கு உட்கார்ந்தது. பத்து முட்டைகளை அதன்கீழ் வைத்தேன். தனியிடத்திற்கு மாற்றுமாறு அன்னையார் கூறினார். தானே தெரிந்த இடமன்றோ என்று யான் வாளாவிருந்தேன். அஃது இரைக்கு எழுந்த வேளைகளில் ஏனைய பெட்டைகள் அக்கூடையிலேயே முட்டையிட்டன. யான் அடையாளமும் இடவில்லை. ஒரு வாரத்துள் முட்டைகள் பதினேழாயின. சிறகிற்குள் அடங்காதவை மாறி மாறிக் குளிர்ந்தன. இருபத்தொன்றாம் நாள் நான்கு குஞ்சுகளே பொரித்தன. அவற்றுடன் மறுநாள் தாய் இறங்கிவிட்டது. எஞ்சியவற்றை உடைத்து நோக்கினேன். ஐந்தில் இறகு முளைத்த குஞ்சுகள் உயிரற்றுக் கிடந்தன. அன்னையார் என்னைக் கடியவில்லை. "அரைமனத்தோடு வைத்த அடை அப்படித்தான், ஐயா" என்று மட்டும் சொன்னார்.

குஞ்சு வேண்டுவோர் செய்யற்பாலன இவை: சேவலோடு பழகிய பெட்டைகளின் முட்டைகளையே, இட்டு ஒரு வாரத்திற்கு மேற்படாதனவாகத் தெரிந்து கொள்க. நாட்டுக்கோழிக்குப் பத்து அல்லது பன்னிரண்டு போதும். அனைத்தையும் ஒரே நாளில் வைத்துக் கரிக்கோடு இடுக. கோடில்லாதது காணின் அன்றே எடுத்துவிடுக. கோழியை இரவில், இருளும் அமைதியுமுள்ள தனியிடத்திற்கு மாற்றுக. பகலில் மாற்றின் பழைய கூடைக்கே ஓடும். நாளொன்றுக்கு ஒருமுறை எழுந்து தானியமும் நீரும் உண்டு, எச்சமிட்டு, புழுதியாடி மீள விடுக. புழுதியாடல் பேனைக் குறைக்கும். ஏழாம் நாள் இரவில் ஒவ்வொரு முட்டையையும் விளக்கின்முன் பிடித்து நோக்குக. சிலந்திவலைபோல் குருதி நாளங்கள் தோன்றின் கருவுண்டு, தெளிவாயிருப்பதை நீக்குக. பதினெட்டாம் நாளுக்குமேல் முட்டைகளைத் தொடுதல் ஆகாது. பொரித்த குஞ்சு உள்வாங்கிய மஞ்சட்கருவால் இரண்டு நாள் வரை தாங்குமாதலின், இரை கொடுக்க விரைந்து தாயை எழுப்பற்க.

முட்டையே வேண்டுவோர் கோழியைத் தெளிவித்தல் வேண்டும். மூக்கில் இறகு செருகுதலும் நீரில் முக்குதலும் நாட்டுப்புறத்தார் சிலர் கையாளும் முறைகள். அவை வாயற்ற உயிரை வருத்துவனவாதலின் தகா. வேண்டுவது வயிற்றின் கீழ்ப்புறம் குளிர்தலேயாம். கம்பிவலை அடியாகவுடைய கூண்டொன்றைச் செங்கல்மேல் உயர்த்தி, வெளிச்சமுள்ள நிழலில் வைத்துக் கோழியை அதனுள் விடுக. வைக்கோல் இடற்க, இரையும் நீரும் குறையாது வைக்க. மூன்று நான்கு நாட்களில் பெரும்பாலும் தெளியும். வெளிவிட்டதும் மீண்டும் கூடையைத் தேடின், இன்னும் இரண்டு நாள் வைக்க. தெளிந்த கோழி இரண்டொரு வாரத்தில் மீண்டும் முட்டையிடத் தொடங்கும்.

குறுந்தொகையின் 139-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் வீட்டுக்கோழி ஒன்றை உவமை கூறுகின்றார். மாலையில் வேலியருகே காட்டுப்பூனைகள் வர, ஒதுங்குமிடம் அறியாது திரண்ட குஞ்சுகளை அது கூவியழைக்கின்றது. வகுப்பில் அதனைப் பயின்ற நாளில், எம் கருநிறப் பெட்டை என் கண்முன் நின்றது. இருபத்தொரு நாளும் அது தன் கடனில் வழுவிற்றில்லை. ஒதுங்குமிடம் அமைத்தல் என் கடனாயிருந்தது. இவ்வாண்டு கோடையில் அதனைத் தனியறையில், கோடிட்ட பதினொரு முட்டைகளோடு வைத்தேன். ஒன்பது குஞ்சுகள் பொரித்தன.