ஷாக் அடித்தது கையில்... புரை விழுந்தது கண்ணில்!

கரண்ட் ஷாக் என்றதும் கருகிய விரலும் நின்றுபோகும் இதயமும்தான் நம் நினைவுக்கு வரும். கண்ணைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆஸ்பத்திரியிலும் அந்த நேரத்தில் உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. அதில் தப்பே இல்லை. ஆனால் புண்ணெல்லாம் ஆறி, பழையபடி வேலைக்குப் போய், ஏழெட்டு மாதம் கழித்து, "எல்லாமே பனி மூட்டமா தெரியுதும்மா" என்று மகன் சொன்னால், அந்த ஷாக் யாருக்காவது ஞாபகம் வருமா? "ராத்திரியெல்லாம் செல்போனைப் பார்த்தா அப்படித்தான்" என்போம். கண் டாக்டர் பரிசோதித்துவிட்டுப் புரை என்றதும், "இருபத்தாறு வயசுலயா?" என்று திகைப்போம்.

மின்சாரத்தால் கண்ணுக்கு வரும் எல்லாக் கெடுதலும் இப்படித் தாமதமாக வருவதில்லை. ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது 'டப்' என்று நீல வெளிச்சம் பாய்கிறதே, அதிலும் வெல்டிங் வெளிச்சத்திலும் புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அவை கருவிழியின் மேல்தோலைப் பொசுக்கிவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ கழித்து, கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல், வலி, தாரை தாரையாகக் கண்ணீர். டாக்டர் தரும் களிம்பிலும் சொட்டு மருந்திலும் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். கண்ணைக் கசக்காதீர்கள். தாய்ப்பால் பீச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்கி அடிக்கடி விட்டுக்கொள்வது இன்னும் மோசம். வலி தெரியாது, ஆனால் புண் ஆறாமல் கருவிழியே கெட்டுவிடும்.

தீப்பொறி முகத்தில் அடித்தால் இமை சட்டென்று மூடிக்கொண்டு கண்ணைக் காப்பாற்றிவிடும். காயம் இமைக்குத்தான். ஆனால் அந்தத் தோல் ஆறும்போது சுருங்கும். சுருங்கினால் இமை முழுக்க மூடாது. கருவிழி காய்ந்து புண்ணாகும். இதை நோயாளியால் கண்டுபிடிக்க முடியாது. அவர் தூங்கும்போது இமைகளுக்கு நடுவே வெள்ளை விழி தெரிகிறதா என்று வீட்டில் இருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும். தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கண் காயாமலிருக்கச் சொட்டு மருந்து, களிம்பு, தேவைப்பட்டால் வேறு இடத்துத் தோலை எடுத்து இமையில் ஒட்டும் ஆபரேஷன் என்று வழிகள் இருக்கின்றன.

இனி புரைக்கு வருவோம். 1722-லேயே பிரெஞ்சு கண் மருத்துவர் செயின்ட் ஈவ், மின்னல் தாக்கியவருக்குப் புரை விழுந்ததை எழுதி வைத்திருக்கிறார். மொட்டை மாடியில் இரும்புக் கம்பியைத் தூக்கும்போது, அலக்கால் மாங்காய் பறிக்கும்போது, பதினோராயிரம் வோல்ட் கம்பியில் பட்டு அடிபடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அதிலும் தலை, முகம், கழுத்து வழியாக மின்சாரம் பாய்ந்திருந்தால் ரொம்பவே கவனம் தேவை. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தானே என்று அலட்சியமாக இருக்கவும் கூடாது. அதிலும் அபூர்வமாகப் புரை வந்திருக்கிறது.

கண்ணின் லென்ஸ் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள புரதங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதுதான். மின்சாரம் பாய்ந்தால், லென்ஸின் உறைக்கு அடியிலுள்ள செல்கள் சேதமாகி, முதலில் சின்னச் சின்ன நீர்க்குமிழ்கள் தோன்றும். அவை மெல்ல வெளுத்து, வெந்த முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒளியை மறைக்கும். பெரும்பாலும் ஓராண்டுக்குள் இது தெரிய வரும். சிலருக்குச் சில வருடங்கள் கழித்தும் வருவதுண்டு. ஒரு கண்ணிலும் வரலாம், இரண்டிலும் வரலாம்.

"சொட்டு மருந்தில் கரைக்க முடியாதா?" என்று கேட்பார்கள். முடியாது. மங்கலான லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்க வேண்டியதுதான். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992-ல் இந்த லென்ஸைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, அது ஏழைக்கும் எட்டும் விலைக்கு வந்தது. ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாக வைக்கும் லென்ஸ் தூரப் பார்வைக்குத்தான். வாலிப வயதானாலும் படிக்கக் கண்ணாடி போட வேண்டியிருக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு பார்வை கிடைக்கும்? அதைத் தீர்மானிப்பது புரையல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் விழித்திரையும் பார்வை நரம்பும். அந்த ஷாக் அவற்றையும் தாக்கியிருந்தால், புரையை எடுத்தும் முழுப் பார்வை திரும்பாது. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள்.

பெரிய ஷாக்கிலிருந்து மீண்டு டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, "கண் டாக்டரிடமும் ஒரு தடவை காட்டிவிடலாமா?" என்று நீங்களாகவே கேளுங்கள். பார்வை நன்றாக இருந்தாலும் முதல் வருடம் சில மாதங்களுக்கு ஒரு தடவையாவது பரிசோதனை வேண்டும். பிறகும் டாக்டர் சொல்கிறபடி தொடருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். வேலை செய்யும் இடத்தில் நடந்த விபத்தென்றால் அது இன்னும் முக்கியம். கைக்காயத்துக்கு மட்டும் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் பலருக்குக் கண் மங்கத் தொடங்குகிறது.