சுண்டக்கறியும் இடைப்பட்ட இரவும்

ஆகுர்டியில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் நம் மாணவ நண்பர்கள் ஞாயிறன்று ஆட்டுக்கறி சமைத்து, எஞ்சியதை மறுநாள் சுண்டவைத்து உண்பதைக் காண்கிறேன். சுவையில் குறையில்லை, என் அச்சமெல்லாம் இடைப்பட்ட இரவைப் பற்றித்தான்.

கொதியிலும் சாகாத கிருமி வித்துகள் உண்டு. கிளாஸ்டிரிடியம் என்னும் இனம் இத்தகையது. இறைச்சி உணவில் அது செய்யும் கேட்டை இங்கிலாந்தில் பெட்டி ஹாப்ஸ் குழுவினர் 1953-இல் விளக்கினர். சட்டி நிறைந்த கறி மெல்ல ஆறுகையில் வித்துகள் முளைக்கின்றன. 45 டிகிரி சென்டிகிரேடு அளவில் ஏறத்தாழப் பத்தே நிமிடத்தில் இரட்டிக்கின்றன.

'காலையில் கொதிக்கவைத்தால் போதாதா?' என்பீர்கள். கை பட்டு வரும் ஸ்டாபிலோகாக்கஸ் கக்கிய நஞ்சோ கொதித்தாலும் அழியாது. ஆகவே, எஞ்சிய கறியை அகன்ற பாத்திரங்களில் பரப்பி, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். உண்ணுமுன் தளதளவெனக் கொதிக்கவிடுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாத அறையா? ஒரு வேளைக்கு ஆகும் கறியை மட்டும் வாங்குங்கள். மறுநாளைக்கு முட்டை இருக்கிறது!